மூன்று கிண்ணம் சோறு

ஊதுவத்தி எரிந்து முடிகிற வரைக்கும் சோற்றில் கை வைக்கக் கூடாது. அது லியென் பிறந்த சைகோன் பக்கத்துச் சட்டம். வெயிலில் நாயாக அலைந்து, மனை மனையாகத் தரகு பேசி முடித்து, புதுச்சேரி நெல்லித்தோப்பில் நான் எழுப்பின இந்த வீட்டின் கூடத்தில் என் பெண்டாட்டி ஊர்ச் சட்டம்தான் நடக்கிறது. மேசைமேல் மூன்று கிண்ணம், மூன்றிலும் குவித்த சோறு, ஒவ்வொன்றின் விளிம்பிலும் படுக்கவைத்த ஒரு ஜோடிச் சாப்பாட்டுக் குச்சி, நடுவில் வறுத்த சங்கரா மீன், பன்றிக்கறிக் குழம்பு, அப்புறம் நெத்திலியை உப்பில் ஊறப்போட்டு அவளே வடித்த மீன்சாறு. அந்த வாடைக்குப் பக்கத்து வீட்டு வாத்தியார் ஜன்னலைச் சாத்துகிற சத்தம் இங்கே கேட்கிறது. பிடிக்காவிட்டால் மூக்கைச் சாத்திக்கொள்ள வேண்டியதுதானே, ஜன்னலை எதற்கு அந்த அறை அறைகிறான். பார், கோபம் வந்துவிட்டது. அறுபத்தெட்டு வயதில் பசிக்கும் கோபத்துக்கும் எனக்கு வித்தியாசம் தெரிவதில்லை. வத்தி இப்போதுதான் நுனி கருகியிருக்கிறது. அவள் ஊர் வத்தி மெல்லிசாகச் சிவப்புக் காம்போடு இருக்கும், இங்கே அது கிடைக்காது, பெட்டிக்கடை மல்லிகை வத்தியைத்தான் ஏற்றுகிறாள், இது முக்கால் மணி நேரம் நின்று எரியும். செத்தவர்கள் சாப்பிட்டு முடிக்க முக்கால் மணி நேரம். அதற்கப்புறம் மிச்சத்தை உயிரோடிருப்பவர்கள் சாப்பிடலாம். அவள் சாப்பிடுவாள். நான் இந்த மூன்று கிண்ணத்திலிருந்து ஒரு பருக்கை எடுத்ததில்லை. வயிறு சரியில்லை என்பேன். வருஷத்தில் இந்த ஒரு நாள், முப்பத்தெட்டு வருஷமாக, எனக்கு வயிறு சரியில்லை. அவளும் சரி என்று விட்டுவிடுவாள். இன்றைக்குத்தான் புதுசாக ஒன்று கேட்டாள். வத்தியை ஏற்றி மூன்று தரம் குனிந்துவிட்டு, திரும்பாமலே, "ஆன், பேரு சொல்லு" என்றாள். ஆன் என்றுதான் என்னைக் கூப்பிடுவாள், அவள் பாஷையில் அண்ணன் என்று அர்த்தம், அங்கே பெண்டாட்டி புருஷனை அப்படித்தான் கூப்பிட வேண்டுமாம். கப்பலை விட்டு இறங்கின அன்றைக்கே அதற்கு அர்த்தம் கேட்டுத் தெரிந்துகொண்டு என் அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "யார் பேரு?" என்றேன். "இவங்க மூணு பேர் பேரு. நம்ம பொண்ணு எலேன் அடுத்த வாரம் எங்க நாட்டுக்குப் போறா இல்ல? இவங்க செத்த ஊருக்கும் போறேன்னு சொல்லியிருக்கா. ஒரு மணிக்கு போன் பண்ணுவா. பேரு கொடுத்தா அவங்க வீடு எதுன்னு கேட்டு அங்கயே ஒரு வத்தி வச்சிட்டு வருவா. பேர் சொல்லிக் கூப்பிட்டாத்தான் ஆன் அவங்க வருவாங்க. நான் இத்தனை வருஷமா ஐயா ஐயான்னு கூப்பிடறேன். எந்த ஐயா வருவாரு?" "எனக்கெப்படித் தெரியும்? அவனுங்க என்ன பேரெழுதி சட்டையில குத்திக்கிட்டா நின்னானுங்க?" "ஒண்ணுகூடவா தெரியாது?" "தெரியாதுன்னா தெரியாது." "வத்தி அணையறதுக்குள்ள யோசி" என்று எதிர் நாற்காலியில் உட்கார்ந்து கையை மடியில் வைத்துக்கொண்டாள். கடிகாரத்தில் பன்னிரண்டே கால். ஒரு பெயர் தெரியும். நடுக்கிண்ணத்துக்காரன் பெயர் துவான்.

எனக்கு இந்தப் பெயர் தெரியும் என்பது உலகத்தில் யாருக்கும் தெரியாது. கதை தெரியும். என் கதை தெரியாத சொல்தா புதுச்சேரியில் இருக்கிறானா. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து திரும்பிய எங்களை இந்த ஊர் சொல்தா என்றுதான் சொல்லும், சொல்தா வீடு, சொல்தா பென்ஷன், சொல்தா திமிரு. வருஷா வருஷம் ஜூலை பதினாலாம் தேதி மெடலை மாட்டிக்கொண்டு கடற்கரையில் அணிவகுத்துவிட்டு, வேர்வையோடு சங்கத்துக் கட்டடத்துக்கு வந்து மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்ததும் எவனாவது ஆரம்பிப்பான். "ஞானாதிக்கம், அந்த ஏழு பேர் கதைய எடுத்து வுடுபா, புது மிசியே ஒருத்தர் வந்துருக்காரு, கேட்கட்டும்." நான் வேண்டாம் வேண்டாம் என்று கையை ஆட்டுவேன், வேண்டாம் என்று ஆட்டினால்தான் கிராக்கி, அது எனக்குத் தெரியாதா. அப்புறம் எழுந்து நிற்பேன். "கப்பித்தேன் பத்துன்னான். நான் இன்னா சொன்னேன்?" கிழவர்கள் எல்லாம் ஒரே குரலில், "ரெண்டு!" "அவன் ஆறுன்னான். நான்?" "ரெண்டு!" "நவுந்தனா?" "நவுரலியே!" "அப்புறம் போனாப் போவுதுன்னு ஒண்ணு ஏத்தினேன். மூணுல முடிச்சேன். பத்துல மூணு போனா மிச்சம்?" என்று நான் கேட்க, எவனாவது எட்டு என்பான், சிரிப்பு இடிக்கும், "மாட்டுச் சந்தையில பொறந்தவன்டா இவன், எமன்கிட்டயே துண்டு போட்டுப் பேசுவான்" என்று முதுகில் தட்டுவார்கள். என் அப்பன் மாட்டுத் தரகன்தான். பொய்யில்லை. துண்டுக்குள் கையை விட்டு விரலைப் பிடித்தே விலை முடிப்பான், பத்து வயதில் அவன் கையில் என் கையை வைத்துக் கற்றுக்கொடுத்தான், எந்த விரலுக்கு எவ்வளவு என்று. நான் சொல்ல வந்தது வேறு. அங்கே உட்கார்ந்திருந்தவர்களில் இந்தோசீனாவுக்குப் போனவன், அல்ஜீரியாவுக்குப் போனவன், இரண்டுக்கும் போனவன் எல்லாம் உண்டு. ஒவ்வொருத்தனுக்கும் ஒரு கதை உண்டு. ஒருத்தன் "சொன்னாங்க, செஞ்சோம், நம்ம தலையெழுத்து" என்று முடிப்பான். ஒருத்தன் "அவனுங்க மட்டும் நம்மள வுட்டானுங்களா" என்பான். ஒருத்தன் சமையல்கட்டிலேயே இருந்தேன், துப்பாக்கியைத் தொட்டதே இல்லை என்பான், அவனுக்கு இரண்டு மெடல். எல்லோரும் கதையை ஓரிடத்தில் நிறுத்துவார்கள். எங்கே நிறுத்துகிறான் என்று பார்த்தால் ஆளைப் புரிந்துகொள்ளலாம். யாரும் யாரையும் அதற்கப்புறம் என்ன என்று கேட்க மாட்டார்கள், அது எங்களுக்குள் எழுதாத ஒப்பந்தம். நான் மூணுல முடிச்சேன் என்ற இடத்தில் நிறுத்துவேன். கைத்தட்டல் வரும். கைத்தட்டலில் சாராயம் மாதிரி ஒரு சூடு உண்டு, நெஞ்சு வரைக்கும் இறங்கும், அதற்கும் கீழே இறங்காது. சாம்பல் வளைந்து நிற்கிறது. விழவில்லை. அவள் சாம்பலைப் பார்க்கிறாளா என்னைப் பார்க்கிறாளா.

இவளிடமும் இதே கதையைத்தான் சொன்னேன். சைகோனில் ஒரு தையற்கடையில் காஜா எடுத்துக்கொண்டிருந்தாள், இருபத்தோரு வயது, என் கால்சராயைக் குட்டையாகத் தைத்துவிட்டார்கள் என்று நான் போட்ட சத்தத்தில் கடைக்காரன் உள்ளே ஓடிவிட்டான், இவள் மட்டும் ஊசியைப் பல்லில் கடித்தபடி நிமிர்ந்து என் காலைப் பார்த்து, கால்சராய் சரி, கால்தான் நீளம் என்றாள். நான் சிரித்தேன். அந்த ஊரில் நான் சிரித்தது அதுதான் முதல் தடவை. பத்து நாள் போய்ப் போய் நின்று, பதினோராம் நாள், நான் நல்லவன் என்று இவளுக்குக் காட்ட வேண்டுமே, வேறு என்ன இருக்கிறது என்னிடம், கறுப்புத் தோலும் வெள்ளைக்காரன் சட்டையும், அந்தக் கதையை எடுத்து விரித்தேன். எனக்குத் தெரிந்த சந்தைப் பாஷையிலும் கை விரலிலும் சொன்னேன். பத்து விரல். அப்புறம் ஏழை மடக்கி மூன்று விரல். நான் மடக்கிய ஏழைத்தான் இவள் பார்ப்பாள் என்று நினைத்தேன். அதுவரைக்கும் கேட்ட எல்லோரும் அதைத்தான் பார்த்தார்கள். இவள் என் கையைப் பிடித்து, நீட்டின மூன்று விரலை ஒவ்வொன்றாகத் தொட்டாள். அழுதாள். "இவங்களுக்கு யார் சோறு வைக்கிறாங்க?" என்றாள். அப்போதே எழுந்து வந்திருக்க வேண்டும், வரவில்லை. கல்யாணம் செய்தேன், கப்பலில் கூட்டி வந்தேன், முதல் வருஷம் ஒருநாள் வெளியே போய்விட்டு வந்தால் மேசையில் மூன்று கிண்ணம். யாருக்கு என்றேன். உன்னோடு கப்பலில் வந்தவங்களுக்கு என்றாள். யாரது வந்தது என்றேன். மூன்று விரலைக் காட்டினாள். தேதி அவளுக்கு எப்படித் தெரியும், நான்தான் மாதத்தையும் பௌர்ணமி கழிந்து மூன்றாம் நாள் என்பதையும் கதையோடு கதையாக உளறியிருக்கிறேன், அவள் நிலாக் கணக்கு பார்த்து நாளைப் பிடித்துவிட்டாள். என்ன கோபமோ, என் வீட்டில் எந்தச் செத்தவனுக்கும் சோறு கிடையாது என்று மேசையை எட்டி உதைத்தேன். கிண்ணங்கள் உருண்டன. அவள் சோற்றை ஒவ்வொரு பருக்கையாகப் பொறுக்கினாள், தரையைத் துடைத்தாள், கிண்ணத்தைக் கழுவினாள், உலையில் மறுபடி அரிசி போட்டாள், மறுபடி வத்தி ஏற்றினாள். நான் வாசலில் உட்கார்ந்து அந்த வத்தி முடிகிற வரைக்கும் பீடி குடித்தேன். நடுக்கிண்ணத்தின் விளிம்பில் அன்றைக்கு விழுந்த மூளி இப்போதும் இருக்கிறது, நகம் நுழைகிற அளவு. வருஷா வருஷம் அதைத்தான் நடுவில் வைக்கிறாள். வேண்டுமென்று வைக்கிறாளா, கைக்கு வருகிறபடி வைக்கிறாளா, கேட்டதில்லை. எப்படிக் கேட்பது. வத்தி பாதிக்கு வந்துவிட்டது. "தண்ணி வேணுமா, ஆன்?" என்கிறாள். வேண்டாம் என்று தலையை ஆட்டுகிறேன். வேண்டும். ஆனால் அவள் எழுந்து போனால் நான் தனியாக அந்த மூன்று பேரோடு உட்கார வேண்டும்.

பொய் என்று சொல்ல முடியாது. நடந்ததைத்தான் சொல்கிறேன். சைகோன் பக்கம் வாய்க்கால் மேல் ஒரு பாலம், அதை முந்தின இரவு பிரெஞ்சுக்காரனை எதிர்க்கிறவர்கள் வெடி வைத்துத் தகர்த்துவிட்டார்கள், எங்கள் ஆள் இரண்டு பேர் போய்விட்டார்கள். பாலத்துக்குப் பக்கத்து ஊர் என்பது ஒன்றுதான் அந்த ஊர் செய்த குற்றம், அல்லது அவர்கள்தான் வைத்தார்கள், யார் கண்டது. காலையில் ஆம்பிளைகளை எல்லாம் களத்தில் உட்காரவைத்தோம், முப்பது பேர் இருக்கும், கை பின்கழுத்தில். நான் அந்தப் பகுதிக்குக் கொள்முதல் ஆள், கோழி, பன்றி, வாத்து, காய், அரிசி எல்லாம் ஊர் ஊராகப் போய் விலை பேசி வாங்குவது என் வேலை, துப்பாக்கியைவிட என் வாய்தான் பட்டாளத்துக்கு உபயோகம் என்று எங்கள் அதிகாரி கப்பித்தேன் மொரேல் சொல்வான், என் குட்டி வியாபாரி என்று கன்னத்தில் தட்டுவான், தட்டினால் எனக்குப் பெருமையாக இருக்கும். இருந்தது. அதையும் சொல்லத்தானே வேண்டும். அந்த ஊரில் என்னைத் தெரியாதவன் கிடையாது. அன்றைக்கு, பாலத்துக்குப் பழியாகச் சுடுவதற்கு மொரேல் பத்து பேர் என்றான். சும்மா, பத்து முட்டை என்கிற மாதிரி. எனக்கு வாய் தானாகத் திறந்துவிட்டது. பத்து அதிகம் மொன் கப்பித்தேன் என்றேன். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பத்து பேர் போய்விட்டால் நாற்று யார் நடுவது, நாளைக்கு அரிசி யாரிடம் வாங்குவது, வாத்து யார் வளர்ப்பது, நமக்குத்தான் நஷ்டம் என்றேன். பார்த்தாயா, அவர்கள் மனுஷர்கள் என்று சொல்லவில்லை. அது அந்தச் சந்தையில் செல்லாது என்று எனக்குத் தெரியும், செல்லுகிற சரக்கை எடுத்தேன். மொரேல் சிரித்தான். சரி வியாபாரி, உன் விலை என்ன என்றான். இரண்டு என்றேன். ஆறு என்றான். இரண்டு என்றேன். சிகரெட்டைப் பற்றவைத்தான், புகையை விட்டான், ஐந்து என்றான். நான் தலையைச் சொறிந்தேன், தரையைப் பார்த்தேன், காலை மாற்றிப் போட்டேன், எங்கள் அப்பன் செய்கிற அத்தனையும் செய்தேன். போனால் போகிறது மூன்று என்றேன். கையை நீட்டினான். நானும் நீட்டினேன். குலுக்கினோம். அந்தக் கையில் சோப்பு வாசனை. முடிந்தது. சங்கத்துக் கதை இங்கே முடிகிறது, கைத்தட்டல், ஒரு குவளை ஒயின், அடுத்த ஆள் கதை. ஆனால் கையைக் குலுக்கினவன் அதை விடவில்லை. என் கையைப் பிடித்தபடியே, மூன்றுதான், நியாயமான விலை, இவர்களை உனக்குத்தான் தெரியும், நீயே எடு என்றான்.

அதற்கு மேல் யோசிக்க வேண்டாம். தனக்கோடியை யோசிக்கலாம். தனக்கோடி என்னோடு அதே லாரியில் இருந்தவன், ஒரே ஊர்க்காரன், ஒரே வருஷம் சேர்ந்தவன், சங்கத்தில் நான் கதை சொல்கிறபோது மட்டும் எழுந்து வெளியே போய்ச் சுருட்டு பிடிப்பான். பொறாமை என்று நினைத்தேன். பதினொரு வருஷத்துக்கு முந்தி பெரியாஸ்பத்திரியில் ஈரல் வீங்கிக் கிடந்தான், ஆரஞ்சு வாங்கிக்கொண்டு போனேன், பக்கத்துக் கட்டிலில் ஒருத்தன் ரேடியோ கேட்டுக்கொண்டிருந்தான், அதை நிறுத்துடா என்று கத்திவிட்டு உட்கார்ந்தேன். தனக்கோடி சிரித்தான். "இன்னும் அப்படியேதான் கீற ஞானு." அப்புறம் கண்ணை மூடிக்கொண்டே, "உன்கிட்ட ஒண்ணு சொல்லணும், கோச்சுக்குவியா" என்றான். "சொல்லித் தொலை." "அன்னிக்கு நீ கப்பித்தேன்கூட விலை பேசிக்கினு இருந்தப்ப நான் அங்க இல்ல, தெரியுமா? களத்துக்குப் பின்னாடி இருந்தேன். குழி வெட்டிக்கினு. விடியகாலையிலயே சார்ஜன்ட் என் கையில மண்வெட்டியக் குடுத்துட்டான்." "அதுக்கென்ன இப்ப?" "எவ்ளோ பெருசு வெட்டணும்னு கேட்டேன். மூணு ஆளுக்குன்னான்." நான் ஆரஞ்சை உரித்துக்கொண்டிருந்தேன். "நீ வாயத் தொறக்கறதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடி ஞானு. மூணு. நான் வெட்டி முடிச்சி வேர்வையத் தொடச்சிக்கினு நிக்கறப்பதான் பத்து, ரெண்டுன்னு உன் சத்தம் கேக்குது." உரித்த சுளையை அவன் வாயில் வைத்தேன். மென்றான். "இத்தினி வருஷம் ஏன்டா சொல்லலே?" "நீ அந்தக் கதைய சொல்லச் சொல்ல நல்லா இருந்துச்சு. எனக்கே ஏழு பேரக் காப்பாத்தின மாதிரி இருந்துச்சு." நான்காம் நாள் செத்துப்போனான். நான் பாடையைத் தூக்கினேன். வழி முழுக்க எனக்குள் ஒரே எரிச்சல், துக்கம் இல்லை, எரிச்சல், ஏமாந்துவிட்டேன் என்று. என்னை. முதலில் சொல்கிற விலை விலையே இல்லை என்று கால்சட்டை போட்ட நாளிலிருந்து தெரிந்த என்னை. பத்து என்றவன் பத்துக்கு வரவில்லை, மூன்றுக்குத்தான் வந்திருந்தான், நான் கத்திக் குதித்துச் சொறிந்து அவனை அவன் விலைக்கே கொண்டுபோய்ச் சேர்த்தேன். அவனுக்கு வேண்டியிருந்தது ஆளைக் காட்ட ஒரு கை. வெள்ளைக் கை இல்லாத ஒரு கை. எனக்குக் கையைக் குலுக்கிக் கொடுத்து அதை வாங்கிக்கொண்டான். அப்படியானால் ஏழு பேர் இல்லை. ஏழு பேர் எப்போதுமே இல்லை. அது தெரிந்த பிறகும் பதினொரு ஜூலை மாதம் எழுந்து நின்று பத்துல மூணு போனா மிச்சம் என்று கேட்டிருக்கிறேன். இனிமேல் வேண்டாம் என்றுதான் ஒவ்வொரு வருஷமும் போவேன். கிழவர்கள் முகத்தைப் பார்த்ததும் எழுந்துவிடுவேன். சாம்பல் விழுந்தது. மேசை விரிப்பில் சத்தமில்லாமல் ஒரு சாம்பல் புழு. லியென் அதை ஊதவில்லை, துடைக்கவில்லை. முக்கால்வாசி முடிந்துவிட்டது.

ஏழு பேர் இல்லை என்றால் அன்றைக்கு நான் செய்தது என்ன. ஒன்றுதான். ஆள் எடுத்தது. முதலில் ஓரத்தில் ஒரு கிழவன், விடாமல் இருமிக்கொண்டிருந்தான், மார்கழியைத் தாண்ட மாட்டான் என்று கணக்குப் போட்டேன், மலிவாகப் போகட்டும் என்று. இரண்டாவது, அந்த ஊரில் நான் பார்த்திராத ஒருத்தன், வெளியூர்க்காரனாக இருப்பான், யாரும் அழ மாட்டார்கள் என்று. இரண்டும் கணக்கு. கேவலமான கணக்குதான், ஆனால் கணக்கு. மூன்றாவது கணக்கில்லை. மூன்றாவது துவான். வாத்துக்காரன். முந்தின நாள் மத்தியானம் அவனிடம் இருபது வாத்து கேட்டேன். நான் சொன்ன விலைக்கு இல்லை என்றான். ஏற்றினேன். இல்லை என்றான். இன்னும் ஏற்றினேன். அவன் வாத்துக்குத் தவிட்டை அள்ளிப் போட்டுக்கொண்டே, நிமிராமல், வெள்ளைக்காரன் வந்து கேட்டால் பயந்து கொடுப்பேன், என் ஆட்கள் கேட்டால் சும்மா கொடுப்பேன், உனக்கு எதற்குக் கொடுக்க வேண்டும், நீ யார் என்றான். களத்தில் நெல் காயவைத்துக்கொண்டிருந்த பெண்கள் சிரித்தார்கள். வாயைக் கையால் மூடிக்கொண்டு. நீ யார். நான் பதிலுக்குக் கத்தினேன், துப்பாக்கிக் கட்டையால் கூடையை உடைத்தேன், வாத்துகள் நாலாப் பக்கமும் ஓடின, பெண்கள் இன்னும் சிரித்தார்கள், வெறுங்கையோடு லாரி ஏறினேன். என் வாழ்க்கையில் நான் முடிக்காமல் வந்த ஒரே பேரம். இரவு முழுக்க அந்தச் சிரிப்பு. காலையில் அவன் மூன்றாவது வரிசையில் கை பின்கழுத்தில் வைத்து உட்கார்ந்திருந்தான், என்னைப் பார்த்தான், முகத்தில் பயம் இருந்தது. அதற்கு முந்தி இல்லாத பயம். அதைப் பார்த்ததும் எனக்கு நன்றாக இருந்தது. சொல்லு. நன்றாக இருந்தது. விரல் தானாகப் போய்விட்டது என்று இத்தனை வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன், எந்த விரலாவது தானாகப் போகுமா, மாட்டுத் தரகன் மகனுக்குப் போகுமா, ஒவ்வொரு விரலுக்கும் என்ன விலை என்று தெரிந்தவன். போகவில்லை. நான்தான் அனுப்பினேன். ஒரு பெண் களத்தின் ஓரத்திலிருந்து துவான், துவான் என்று கத்தினாள், முந்தின நாள் சிரித்தவர்களில் ஒருத்தி. பெயர் எனக்கு அதற்கு முன்பே தெரியும், விலை பேசுவதற்கு முன்னால் பெயரைக் கேட்டு வைத்துக்கொள்வது என் வழக்கம், பெயர் சொல்லிக் கூப்பிட்டால் ஆள் இளகுவான். வாத்துக்கறி நான் தின்பதில்லை என்பது இவளுக்குத் தெரியும். ஏன் என்று ஒரே ஒரு தடவை கேட்டாள். சூடு என்றேன்.

நெருப்பு காம்புக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. ஒரு மணிக்கு இன்னும் ஐந்து நிமிஷம். எலேன் சொன்னால் சொன்ன நேரம், பாரீசில் தபால் ஆபீசில் வேலை பார்ப்பவள், நிமிஷம் தவறாது. நான் பெயரைச் சொன்னால் அவள் அந்த ஊருக்குப் போவாள். துவான் வீடு எது என்று கேட்பாள். அங்கே ஒரு கிழவி இருப்பாள், அல்லது அவள் மகன் இருப்பான். கறுப்பு சொல்தா ஒருத்தன் கை காட்டினான் என்பார்கள். என் மகள், என் நிறத்தில், அந்த வாசலில் நிற்பாள். சொல்லாவிட்டால் ஒன்றுமில்லை, ஐயா ஐயா என்று கூப்பிட்டுக்கொண்டிருக்கட்டும். நடுவில் ஒன்று இருக்கிறது. எப்போதும் நடுவில் ஒன்று இருக்கும், அதுதானே என் தொழில். பெயரை மட்டும் சொல்வது. யாரோ ஒரு பெண் கத்தினாள், காதில் விழுந்தது என்பது. அதில் பொய் இல்லை. கத்தினாள், விழுந்தது. இவளுக்கும் பெயர் கிடைக்கும், அவனுக்கும் சோறு கிடைக்கும், எனக்கும். பத்தைக் கேட்டால் மூன்றைக் கொடுப்பது. நாக்கில் தயாராக இருக்கிறது, வழவழவென்று, எத்தனை பேரிடம் எத்தனை விதமாகப் பேசின நாக்கு. "லியென்" என்றேன். நிமிர்ந்தாள். "ஒருத்தன் பேரு துவான்." அவள் உதடு அதைச் சத்தமில்லாமல் சொல்லிப் பார்த்தது. நான் தப்பாகச் சொல்லியிருக்கிறேன், அந்தப் பெயருக்கு ஒரு இறக்கம் உண்டு, அவள் இறக்கிச் சொன்னாள், அந்தப் பெண் களத்தில் கத்தின மாதிரியே இருந்தது. "எந்தக் கிண்ணம்?" என்றாள். நடுவைக் காட்டினேன். மூளி விழுந்த கிண்ணம். அதை அவள் கொஞ்ச நேரம் பார்த்தாள். "மத்தவங்க?" "தெரியாது." "இவர் பேர் மட்டும் உனக்கு எப்படி ஆன் தெரியும்?" இதோ. இதற்குத்தான் வைத்திருக்கிறேன். ஒரு பெண் கத்தினாள் என்று ஆரம்பிக்க வேண்டும். வாயைத் திறந்தேன். அவள் விலை பேசுகிறவள் மாதிரி உட்கார்ந்திருக்கவில்லை. தலையைச் சொறியவில்லை, காலை மாற்றிப் போடவில்லை. சும்மா கேட்டுவிட்டு உட்கார்ந்திருந்தாள். "நான்தான் கை காட்டினேன்" என்றேன். "அதுக்கு மொத நாள் அவன் எனக்கு வாத்து குடுக்க மாட்டேன்னுட்டான். பொம்பளைங்க சிரிச்சாங்க. அதான். ஏழு பேரெல்லாம் கெடையாது லியென். குழி மூணுக்குத்தான் வெட்டியிருந்தது."

வத்தியின் கடைசிப் பொட்டு காம்பில் ஏறி, கறுத்து, அணைந்தது. புகை மட்டும் ஒரு நூலாக நின்றது. உள்ளே போன் அடிக்க ஆரம்பித்தது. அவள் எழவில்லை. போன் ஐந்தாறு தடவை அடித்தது. அப்புறம் "எந்தக் கை?" என்றாள். எனக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் வலது கையைத் தூக்கினேன். அதை அவள் பார்த்தாள், முப்பத்தெட்டு வருஷமாகச் சோறு பிசைகிற கை, காய்ச்சலில் அவள் நெற்றியைத் தொட்ட கை, எலேனைத் தூக்கின கை, முன்பின் பார்க்காத ஒன்றைப் பார்க்கிற மாதிரி பார்த்தாள். எழுந்து போனாள். போனை எடுத்தாள். அவள் பாஷையில்தான் மகளோடு பேசுவாள். நல்லா இருக்கியா என்று கேட்டாள், குளிரா என்று கேட்டாள், எழுதிக்கோ என்றாள். துவான் என்றாள். மறுபடி, இறக்கி, மெதுவாக, ஒவ்வொரு எழுத்தாக, துவான். அதற்கப்புறம் பேச்சு வேகமாகப் போனது, எனக்குத் தெரிந்த சந்தைப் பாஷைக்கு அது எட்டவில்லை, நடுவில் ஒரு தடவை அப்பா என்ற சொல் மட்டும் கேட்டது. அங்கே எலேன் ஏதோ கேட்டிருக்க வேண்டும், இவள் பேச்சு பாதியில் நின்றது. மேசையில் மூன்று கிண்ணமும் ஆறிக்கொண்டிருந்தன. வத்தி அணைந்துவிட்டது, இனிமேல் சாப்பிடலாம். பசித்தது. கையை இன்னும் இறக்கவில்லை. இறக்கச் சொல்லி அவள் சொல்லவில்லையே என்று அப்படியே தூக்கிவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தோள் கடுத்தது. உள்ளே அவள் மறுபடி பேசத் தொடங்கினாள்.